கைமிஷினை வாங்குமுன் ஆட்டிப் பாருங்கள்

போன வாரம் போட்ட காபிப் படத்தின் மூலையில் தெரிந்த குட்டி உருளையைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் இன்பாக்ஸுக்கு வந்துவிட்டார்கள். மிளகு பொடிக்கிற சாமானா என்று ஒருவர், என்ன கம்பெனி, என்ன விலை என்று மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

அது காபிக்கொட்டை அரைக்கும் கைமிஷின். எனக்கு இரண்டாவது. முதலாவதை ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் வாங்கினேன். பளபளவென்று ஸ்டீல் உருளை, உள்ளே வெள்ளைப் பீங்கான் பல். இருபது கிராம் அரைக்க நாலு நிமிடம் பிடித்தது. சரி, கைக்கு ஒரு பயிற்சி என்று விட்டேன். அரைத்ததை எவர்சில்வர் தட்டில் கொட்டிப் பரப்பினால் பாதி மாவு, பாதி குருணை, நடுவே சரியாக உடையாத அரைக்கொட்டை இரண்டு மூன்று. மூன்றாம் மாதம் கைப்பிடி வழுக்க ஆரம்பித்தது. தண்டின் மேல் உட்காரும் ஆறுமூலை ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிட்டது. கைப்பிடி பாட்டுக்குச் சுற்றுகிறது, உள்ளே தண்டு அசையவில்லை. விற்றவர்களுக்கு எழுதினேன். வாரண்டி பத்து நாள்தானாம்.

அப்போதுதான் அப்பத்தா ஞாபகத்துக்கு வந்தார். மதுரை வீட்டில் உளுந்து, பாசிப்பயறு உடைக்கத் திருகை இருந்தது. புதுத் திருகை வாங்கும்போது அப்பத்தா கல்லின் அழகையெல்லாம் பார்க்க மாட்டார். மேல்கல்லை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவார். "முளை ஆடுச்சுன்னா மாவும் குருணையுமாத்தான்யா விழும்" என்பார். கைமிஷினும் ஒரு குட்டித் திருகைதான். வெளியே வளையமாக ஒரு பல், உள்ளே கூம்பாக ஒரு பல். இந்த ஜோடியைத்தான் பர் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தூளின் அளவு. நடுத்தண்டு ஆடினால் ஒரு பக்கம் இடைவெளி கூடும், மறுபக்கம் குறையும். அதனால் ஒரே சுற்றில் இங்கே குருணை விழும், அங்கே மாவு விழும். குருணையில் சாரம் இறங்காது, சப்பென்று புளிப்பாக இருக்கும். மாவில் தேவைக்கு மேல் இறங்கிக் கசக்கும், கூடவே ஃபில்டரின் கண்ணையும் அடைக்கும். மிக்ஸியில் அரைத்தால் நடப்பதும் இதுதான். பிளேடு கொட்டையை அடிக்கிறதே தவிர அளவு பார்த்து வெளியே விடுவதில்லை.

ஆகவே வாங்கும்போது நான் பார்ப்பது ஆட்டத்தைத்தான். கீழே உள்ள டப்பாவைக் கழற்றிவிட்டு, கூம்பை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நல்ல மிஷினில் தண்டை மேலும் கீழும் இரண்டு பேரிங் பிடித்திருக்கும், கூம்பு அசையாது. மலிவானதில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அசைத்தால் கடகடக்கும். ஆன்லைனில் வாங்குவதானால் வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், பத்து நாள் கணக்கு இருக்கிறதே.

பீங்கானா ஸ்டீலா என்று கேட்கிறார்கள். பீங்கான் என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஜப்பானின் ஹாரியோ கம்பெனியின் சின்ன மில்களில் பீங்கான் பல்தான், அவற்றை வருஷக்கணக்காக ஓட்டுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் பீங்கான் கொட்டையை நசுக்குகிறது, கூரான ஸ்டீல் வெட்டுகிறது. நான் இப்போது வைத்திருப்பது டைம்மோர் சி2, ஸ்டீல் பல், ஆறாயிரத்துக்குள் முடிந்தது. அதே இருபது கிராம் ஒரு நிமிடத்தில் முடிகிறது. ஜெர்மனியின் கமாண்டன்டே சி40 இருபதாயிரத்துக்கு மேல் போகிறது. அற்புதமான மிஷின், ஒரு நண்பர் வீட்டில் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்தது. ஆனாலும் பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆற்றிக் குடிக்கிற நமக்கு அந்த வித்தியாசத்தில் முக்கால்வாசி நாக்கில் தெரியப் போவதில்லை. மிச்சப் பணத்துக்கு நல்ல கொட்டை வாங்கலாம்.

(காபி மில் செய்வதெல்லாம் புதுக் கம்பெனிகள் என்று நினைக்க வேண்டாம். நாம் கார் கம்பெனியாக அறிந்த பிரான்சின் பெஜோ 1840-லேயே காபி மில் விற்றுக்கொண்டிருந்தது. காரெல்லாம் அப்புறம் வந்தது.)

யூடியூப் விமர்சனங்களில் எனக்கு ஒரு குறை. அவர்கள் அரைப்பது ஒருவர் குடிக்கும் பால் இல்லாத காபிக்கு, பதினைந்து பதினெட்டு கிராம். நம் வீட்டில் காலையில் மூன்று பேருக்கு ஃபில்டர் போட்டால் எனக்கு முப்பது கிராம் வேண்டும். சி2 மாதிரியான மிஷினில் ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்துக்கு மேல் கொள்ளாது. ஆக இரண்டு ஈடு. கமாண்டன்டேயில் நாற்பது கிராம் வரை கொள்ளும், அந்த வசதிக்காக வேண்டுமானால் அந்த விலையை ஒப்புக்கொள்வேன். வீட்டில் ஆறு பேர், வருவோர் போவோர் என்றால் கைமிஷினே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தெருமுனைக் கடையில் வாரத்துக்கு நூறு இருநூறு கிராமாக அப்போதைக்கு அப்போது அரைத்து வாங்குங்கள். மீறி வாங்கினால் நாலாம் நாளிலிருந்து உங்கள் மிஷின் அலமாரிக்குள் போய் உட்காரும் என்று எழுதித் தருகிறேன்.

அடுத்தது கிளிக் விவகாரம். பல்லின் இடைவெளியைத் திருகி மாற்றும்போது டிக் டிக் என்று ஒவ்வொரு படியாக நகரும், அதுதான் கிளிக். ஒரு மிஷினின் எண் இன்னொன்றுக்கு ஆகாது. கமாண்டன்டேயில் ஒரு கிளிக் சுமார் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), கிங்கிரைண்டர் கே6 என்ற இன்னொரு கைமிஷினில் 16. நண்பர் "இருபதில் வை" என்றால் அது அவர் மிஷினின் இருபது. பல் இரண்டும் லேசாக முட்டி நிற்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். முட்டிய நிலையில் மட்டும் சுற்றிவிடாதீர்கள், பல் உரசித் தேயும்.

எங்கள் வீட்டில் முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் கிடைத்த பட்டியலைப் பார்த்து இருபதில் வைத்து அரைத்தேன். ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிப் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் மொத்தமும் இறங்கிவிட்டது. பார்த்தால் டீத்தண்ணி நிறம். அது கோப்பை மேல் காகிதம் வைத்து வடிக்கிற காபிக்கான எண் என்று பிறகுதான் புரிந்தது. மறுநாள் ரோஷத்தில் எட்டுக்கு இறக்கினேன். ஆறு மணிக்கு ஊற்றினேன், ஆறரைக்கு மூடியைத் திறந்தால் தண்ணீர் அப்படியே மேலே நிற்கிறது. கரண்டிக் காம்பால் ஃபில்டரைத் தட்டினேன். ஒரு சொட்டு. மறுபடி தட்டினேன். இன்னொரு சொட்டு. மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, நான் ஆபீஸ்லயே குடிச்சுக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பதின்மூன்றுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்தால் நைஸ் ரவையைவிட ஒரு மாற்று பொடிசாக, ஆனால் மாவாக ஒட்டாமல் இருக்க வேண்டும். வெந்நீர் இறங்க பதினைந்து இருபது நிமிடம் ஆக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் எண் எதுவானாலும் கவலையில்லை.

இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது: "நானே அரைத்தேன், கடைத்தூள் மாதிரி கள்ளிச்சொட்டாக டிகாக்‌ஷன் வரவில்லையே?" வராது, ஏனென்றால் கடைத்தூளில் சிக்கரி இருக்கிறது. சிக்கரி ஒரு செடியின் வேர், குஜராத்தில் ஜாம்நகர் பக்கமெல்லாம் விளைகிறது. வறுத்துப் பொடித்தால் காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும், டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கும், இறங்கும் வேகத்தையும் தடுக்கும். காபி-சிக்கரிக் கலவை என்று விற்கும் பாக்கெட்டில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது 49 வரை சிக்கரி இருந்தாலும் குற்றமில்லை. விகிதத்தை அட்டையிலேயே போட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. நான் சிக்கரிக்கு விரோதி இல்லை. தனியாகத் தூளாக வாங்கி, அரைத்த காபியில் பத்துக்கு ஒன்று கலக்கிறேன். வறுத்த சிக்கரியைக் கைமிஷினுக்குள் போடாதீர்கள். ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துப் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும்.

கொட்டை எனக்கு பீபெரியும் பிளான்டேஷன் ஏ-வும் பாதிப் பாதி. காபிப் பழத்துக்குள் சாதாரணமாகத் தட்டையாக இரண்டு விதை இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. பிளான்டேஷன் என்றால் பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா வகைக் கொட்டை, ஏ என்பது அதன் அளவுத் தரம். நம் ஊர்க் கடைகளில் கொஞ்சம் கறுக்க வறுப்பார்கள், அப்படி வறுத்த கொட்டை நொறுநொறுவென்று எளிதில் உடையும். புதிதாக வரும் எஸ்டேட் கொட்டைகளை இளம் பழுப்பாக வறுக்கிறார்கள். அது கல் மாதிரி. ஏற்காட்டுக் கொட்டை ஒரு பாக்கெட் அப்படி வாங்கி, தோள்பட்டை இறங்கிவிட்டது. மணம் என்னவோ அபாரம்.

அரைத்த தூள் டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தட்டினால் மேடையெல்லாம் பறக்கிறதா? ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்து, அரைப்பதற்கு முன் கொட்டையை ஒரு கிளறு கிளறுங்கள். அரைபடும்போது உண்டாகும் மின்னூட்டத்தை அந்தத் துளி ஈரம் அடக்கிவிடும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு இதை ஆய்வே செய்து, 2023-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். துளி என்றால் துளிதான். கழுவிவிடாதீர்கள், ஸ்டீல் பல் துருப்பிடிக்கும். சுத்தம் செய்ய ஒரு பிரஷ் போதும்.

அப்புறம், வீட்டில் எல்லோரிடமும் இது காபிக்கு மட்டும் என்று சொல்லி வையுங்கள். நான் ஊரில் இல்லாத நாளில் அம்மா இதில் மிளகு அரைத்துவிட்டார். "சின்னதா இருந்துச்சுப்பா, ரசத்துக்குத்தான்" என்றார். பிரஷ் போட்டு, கழற்றி மாட்டி, கொஞ்சம் கொட்டையை அரைத்துக் கொட்டியும் ஒரு வாரம் எங்கள் வீட்டில் சுக்குமல்லிக் காபிதான்.

அப்பத்தா வீட்டிலும் ஒரு காபி மிஷின் இருந்தது. வார்ப்பிரும்பு, மேலே புனல், பக்கத்தில் மரக்குமிழ் வைத்த கைப்பிடி. பெஞ்சு விளிம்பில் கவ்வவைத்துத் திருகுவார்கள். சுற்றுவது என் வேலை. வேகமாகச் சுற்றினால், "மெல்லய்யா, சூடேறுனா வாசம் போயிரும்" என்று முதுகில் ஒரு தட்டு விழும். போன மாதம் சித்தப்பா வீட்டுப் பரணில் அதைக் கண்டுபிடித்தேன். பல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பெஞ்சைக் கவ்வும் திருகாணியைத்தான் காணோம், அதன் மரையும் இப்போது கடையில் கிடைக்கிற எந்த போல்ட்டோடும் சேரவில்லை. மதுரையில் பழைய மரை பார்த்துக் கடைந்து தருகிற லேத் பட்டறை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.