உடைந்த டிஸ்ப்ளேயைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கிணற்றுக் கட்டில் போனை வைக்காதே என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. வைத்தேன். இவர் கட்டாரில் இருந்து வீடியோ கோல் எடுத்த நேரம், போனைக் கட்டில் சாய்த்து வைத்துக் கதைத்துக்கொண்டே தண்ணீர் இழுத்தேன், வாளி வந்து தட்டிவிட்டது. எடுத்துப் பார்த்தால் வலது மூலையில் இருந்து சிலந்தி வலை மாதிரி வெடித்துப் போயிருக்கிறது. அந்த வலைக்குப் பின்னால் இவர் இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார், "என்னடி சத்தம் அது?" என்று.

அவர் முகம் அவ்வளவு துலாம்பரமாகத் தெரிந்தது என்பதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதுக்கு எனக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போனது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உடைந்த போனோடு பத்து நாள் ஓட்டினேன். கண்ணாடித் தூள் கட்டைவிரலில் ஏறாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டினேன். சமையலுக்கு நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்ததில் மஞ்சள் தூள் வெடிப்புக்குள் இறங்கி, கோடு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போன சனம் போட்ட வீடியோ எல்லாவற்றையும் அந்த மஞ்சள் வலைக்குள்ளால்தான் பார்த்தேன். நிறம் மாறவில்லை, கறுப்பு விழவில்லை, தொட்ட இடம் எல்லாம் வேலை செய்தது.

பிறகு ஒருநாள் மட்டக்களப்பு டவுனில் வேறு வேலையாகப் போனபோது ஒரு கடையில் காட்டினேன். எந்தக் கடை என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர் போனை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "டிஸ்ப்ளே போயிட்டு அக்கா, முழுசா மாத்தணும்" என்றார். பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டு மணித்தியாலத்தில் வரச் சொன்னார். போனேன், புதுசு மாதிரிப் பளபளவென்று தந்தார், காசைக் கொடுத்தேன், அதுக்கு மேல் நன்றியும் சொன்னேன். கல்லடிப் பாலம் தாண்டும்போது பஸ்ஸில் இருந்து விரலை வைத்தால் திறக்கவில்லை. கை வியர்வையாக்கும் என்று சேலையில் துடைத்து வைத்தேன். திறக்கவில்லை. இரவு லைட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தால், முந்தி கறுப்பாக இருந்த இடம் எல்லாம் சாம்பல் கரைத்து ஊற்றினது மாதிரி வெளிறிக் கிடக்கிறது.

அடுத்த கிழமை காத்தான்குடியில் இறங்கி இன்னொரு கடைக்குப் போனேன். சின்னப் பொடியன், கண்ணில் பெரிய வில்லையை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு போர்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வாங்கி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இது கொப்பி அக்கா. உங்கட போன் சாம்சங் ஏ52, அதுக்கு வாறது அமோலெட். இது எல்சிடி போட்டிருக்கு."

கொப்பி என்றால் கம்பனியுடையது இல்லை, அதே மாதிரிச் செய்தது. அமோலெட், எல்சிடி என்பது இரண்டு விதத் திரை. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகும். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு முழு நேரமும் எரிந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அந்தச் சாம்பல் நிறம். விரலடையாளம் பார்க்கிற சென்சர் இந்த மொடலில் டிஸ்ப்ளேக்கு அடியில் இருக்கிறது, அது டிஸ்ப்ளேக்குள்ளால்தான் விரலைப் பார்க்க வேண்டும். எல்சிடி அதை மறைத்துவிடும். எவ்வளவு துடைத்தாலும் திறக்காது. இதையெல்லாம் அவன் கையில் இருந்த வேலையை நிறுத்தாமலே சொன்னான். அப்புறம் தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டான்.

"பழைய டிஸ்ப்ளேய வாங்கினீங்களா?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உடைந்ததை வாங்கி என்ன செய்ய?

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் ஒன்று என்று நினைக்கிற அந்த முன்பக்கம் ஒன்றல்ல. மேலே கண்ணாடி, அதுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை, அதுக்கும் கீழே படம் காட்டுகிற பனல். மூன்றும் சேர்ந்து ஒட்டிக் கிடப்பதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. விழுந்தால் பல நேரம் உடைகிறது மேலே இருக்கிற கண்ணாடி மட்டும்தான். அதற்கென்று மெஷின் வைத்திருக்கிறவர்கள் ஒரு சூட்டுத் தட்டில் வைத்துப் பசையை இளக்கி, தலைமயிரை விட மெல்லிய கம்பியை இரண்டுக்கும் நடுவில் விட்டு அறுத்துக் கண்ணாடியைப் பிரிப்பார்கள். பழைய பசையைத் துடைத்து, புதுப் பசைத்தாள் ஒட்டி, காற்றில்லாத பெட்டிக்குள் வைத்துப் புதுக் கண்ணாடியை அழுத்தி, மிச்சம் இருக்கிற குமிழியைப் போக்க இன்னொரு மெஷினில் வைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் அது கம்பனியில் வந்த அதே பனல்தான். "ஒரிஜினல், கழட்டினது" என்று நல்ல விலைக்குப் போகும்.

அதாவது நான் குப்பை என்று நினைத்து மேசையில் விட்டுவிட்டு வந்த சாமானுக்கு விலை இருந்தது. டவுன் கடைக்காரர் அதை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, குப்பைக் கூடையிலேயே போட்டிருக்கலாம், பழி போட எனக்கு அத்தாட்சி இல்லை. ஆனால் நன்றாக வேலை செய்த டிஸ்ப்ளேயைப் "போயிட்டு" என்று அவர் சொன்னது மட்டும் பொய். நான் அதை நம்பினதுக்குக் காரணம், உடைந்தது என்றால் எல்லாமே உடைந்தது என்று நானே முடிவெடுத்துக்கொண்டு கடைக்குப் போனதுதான்.

ஆகவே கடைக்குப் போகமுதல் வீட்டிலேயே பாருங்கள். இருட்டான அறையில் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து வைத்துப் பார்த்தால் மை ஊற்றினது மாதிரிக் கறுப்போ பச்சைக் கோடோ இருந்தால் தெரிந்துவிடும். இருந்தால் பனலும் அடிபட்டிருக்கிறது, அதில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஏதாவது ஒரு அப்பை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு திரை முழுக்க, மூலை மூலையாக இழுத்துப் பாருங்கள், எந்த இடத்தில் அந்த அப் விரலை விட்டு நழுவுகிறதோ அந்த இடத்தில் டச் செத்துவிட்டது. சாம்சங் போன் பலவற்றில் நம்பர் அடிக்கிற இடத்தில் *#0*# என்று அடித்தாலே இதுக்கென்று ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் உடைந்தது கண்ணாடிதான். அதைக் கடையில் முதல் வசனமாகச் சொல்லுங்கள். பேச்சே மாறும்.

கண்ணாடி மட்டும் மாற்றுவது சும்மா லேசான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கம்பி கொஞ்சம் சறுக்கிப் பனலில் பட்டால் கோடு விழும், முழு டிஸ்ப்ளேயும் போகும். ஓரம் வளைந்த போன் என்றால் இன்னும் கஷ்டம். எல்லாக் கடையிலும் அந்த மெஷின் இல்லை, வாங்கி வைத்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். "ரிஸ்க் உங்கட" என்று முன்னமே சொல்கிற கடைக்காரரில் எனக்கு மரியாதைதான். சொல்லாமல் கொப்பியைப் போட்டு ஒரிஜினல் மாதிரித் தருகிறவரோடுதான் எனக்குக் கோபம். கொப்பி போடுவது பிழையில்லை, கையில் காசு இல்லாத நேரம் அதுவும் உதவும், ஆனால் கொப்பி என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இதுக்கு இடையில் வீட்டில் எல்லாரும், "புதுசு ஒன்ற வாங்கன்" என்றார்கள். இவரும் கூட்டாளி ஒருவரிடம் ஒன்று கொடுத்து அனுப்பவா என்று கேட்டார். 2021 கடைசியில் இந்தப் போனை வாங்கின காலத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. அடுத்த வருசம் மே மாதம் ஆகும்போது 350 ஐத் தாண்டியது, பிறகு 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இப்போது அதே தரத்தில் ஒன்றை விலை கேட்டால் கடைக் கதிரையில் கொஞ்ச நேரம் உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வருகிற போன் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவா இல்லையா என்ற கேள்வி வேறு. (IMEI என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற அந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் போட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும், யாரிடமாவது பழைய போன் வாங்குகிறவர்களும் இதைச் செய்யுங்கள்.) பெட்டரி நன்றாக நிற்கிற, போர்டில் குறை இல்லாத ஒரு போனை ஒரு கண்ணாடிக்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் இல்லை. தவணைக்கு எடுத்துவிட்டு மாதம் மாதம் முழிக்கவும் மனம் இல்லை. போர்ட் தண்ணீர் குடித்திருந்தால், அல்லது திருத்துகிற காசு அந்தப் போனின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால், அப்போது புதுசைப் பற்றி யோசிக்கலாம்.

பிரான்சில் இருக்கிற மச்சாள் சொல்கிறாள், அங்கே 2021 இல் இருந்து கடையில் போனுக்குப் பக்கத்திலேயே இது திருத்த எவ்வளவு லேசு என்று பத்துக்கு இத்தனை புள்ளி போட்டு வைத்தார்களாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 இல் இருந்து விற்பனைக்கு வருகிற போன்களுக்கு, அந்த மொடல் விற்பனையை நிறுத்தின பிறகும் ஏழு வருசத்துக்கு டிஸ்ப்ளே மாதிரி உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே நமக்கு அந்தப் பொடியன்தான்.

மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள், கண்ணாடி ஏன் உடைகிறது என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். போன் கண்ணாடியை 400 பாகை அளவுக்குச் சூடான பொட்டாசியம் உப்புக் குழம்பில் அமிழ்த்தி வைப்பார்களாம். கண்ணாடியில் இருக்கிற சின்னச் சோடியம் வெளியே போக, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் வந்து இறுகி உட்கார்ந்துகொள்ளும், பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கிற சீட்டில் மூன்று பேர் நெருக்கி இருக்கிறது மாதிரி. அந்த நெருக்கம்தான் பலம். அந்த இறுக்கமான தோலைத் தாண்டி ஒரு கீறல் ஆழமாக இறங்கினால், அடுத்த சின்ன அடியே போதும். அப்போதுதான் எனக்கு என் ஹேண்ட்பேக் ஞாபகம் வந்தது. கல்லடிக் கடற்கரைக்குப் போய் வந்தால் அடியில் ஒரு பிடி மணல் கிடக்கும். மணலில் விழுந்தால் போன் உடையாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம், ஆனால் அந்த மணல் கண்ணாடியை விடக் கடினம், பேக்குக்குள் கிடந்து கிடந்து கீறுகிறது. வாளி வந்து தட்டமுதலே பாதி வேலை முடிந்திருக்கும் போல.

இன்னொன்று, இது பெண்களுக்கு. கடைக்காரர் லொக் பெட்டர்ன் கேட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். டிஸ்ப்ளே மாற்ற அது தேவையே இல்லை, சோதித்துப் பார்க்கத்தான் கேட்கிறார்கள், அந்த நேரம் நீங்களே திறந்து காட்டுங்கள். புதிய சாம்சங் போன் சிலவற்றில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது, போட்டால் படம், மெசேஜ் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நான் டவுன் கடையில் பெட்டர்னைத் துண்டில் கீறிக் கொடுத்துவிட்டு மரக்கறி வாங்கப் போனவள். இப்போது நினைத்தால் வயிறு கலக்குகிறது.

டச் முற்றாகப் போய்ப் படம் மட்டும் தெரிகிறதா? ஓடிஜி வயர் என்று போனில் மவுஸ் மாதிரிச் சாமானைப் பூட்டுகிற சின்ன வயர் ஒன்று இருக்கிறது, அதில் கம்பியூட்டர் மவுஸைக் குத்தினால் அம்பு ஒன்று வரும், அதால் திறந்து படங்களை எடுத்துவிட்டே கடைக்குப் போங்கள்.

சரி, என் கதை. காத்தான்குடிப் பொடியனிடம் இரண்டு விலை இருந்தது. கம்பனிப் பெட்டியோடு வருகிற புது டிஸ்ப்ளே, சேர்விஸ் பெக் என்பார்கள், அது 38,000. கண்ணாடி மாற்றின ஒரிஜினல் 24,000. இரண்டாவதை எடுத்தேன். கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, அவன் கழட்டி முடிக்கும் வரைக்கும் எழும்பவில்லை. பூட்டினதும் விரலைப் பதிந்து வைத்துப் பார்த்தேன், திறந்தது. இது யாருடைய போனில் இருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்தான். என்னுடையதே டவுனில் இருந்து சுற்றி வந்து, நானே அதைக் காசு கொடுத்து வாங்குகிறேனோ என்றும் ஒரு நினைப்பு வந்தது, அப்படி இருந்தாலும் கண்டுபிடிக்க வழி இல்லை.

எழும்பும்போது, "தம்பி, கழட்டின அந்தக் கொப்பியத் தாங்க" என்றேன்.

"அதுக்கு ஒரு விலையும் இல்ல அக்கா."

"பரவாயில்ல, தாங்க."

பேப்பரில் சுற்றித் தந்தான். இப்போது அது அலுமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் குளியலறைக்கு முன்னால் நெரிசல் என்றால் மகள் அதை யன்னலில் சாய்த்து வைத்துப் பொட்டு வைக்கிறாள்.