டைமிங் பெல்ட் சத்தம் போடுற வரைக்கும் காத்திருக்காதீங்க

அண்ணாச்சி, "பெல்ட் கீச்சுன்னு சத்தம் போட்டா மாத்தினா போதும், ஓட்டம் கம்மினா வருஷக் கணக்கு பார்க்க வேண்டாம்"னு மேலே போட்டிருக்கீங்க. ரெண்டுமே தப்பு. கீச்சுன்னு கத்துறது பெரும்பாலும் வெளியே ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் பண்றது) ஓட்டுற பெல்ட். டைமிங் பெல்ட்ங்கிறது கார் இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம நேரத்துக்கு ஓட வைக்கிற ரப்பர் பெல்ட். அது கவருக்குள்ள இருக்கும், பல தடவை முன்னறிவிப்பே இல்லாம அறுந்திடும்.

எங்க மாமா வண்டி ஒன்பது வருஷத்துல 48,000 கிலோமீட்டர்தான். பாளையங்கோட்டைக்குள்ளேயே சுத்துன வண்டி. மதுரைக்குப் போகையில கங்கைகொண்டான் தாண்டி 'டப்'னு ஒரு சத்தம், இன்ஜின் அமந்துட்டு. திரும்ப ஸ்டார்ட் பண்ணினா வழக்கமான திணறல் இல்லாம லேசா 'விர்ர்'னு சுத்துது. அப்பவே எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. இன்ஜின் மேல்பாகத்தை (ஹெட்) கழட்டினா வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சு கெடக்கு.

ரப்பர் சும்மா நின்னாலும் வயசாகும், நம்மூர் வெயில்ல கேக்கவே வேண்டாம். அதனாலதான் மேனுவல்ல கிலோமீட்டர், வருஷம் ரெண்டும் போட்டு 'எது முதலில் வருதோ'ங்கிறான். அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். பக்கத்து வீட்டு வண்டி கணக்கு உங்களுக்கு ஆகாது. ஆயில் கசிஞ்சு பெல்ட்ல பட்டிருந்தா தேதியெல்லாம் பார்க்காம உடனே மாத்திருங்க.

மாத்தும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அதை வழிநடத்துற ஐட்லர் புல்லி ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. வாட்டர் பம்பை அதே பெல்ட் ஓட்டினா அதையும். கூலி எப்படியும் ஒண்ணுதான்.

மாருதி ஸ்விஃப்ட்ல கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின், 1.3 டீசல் இன்ஜின் வச்சிருக்கவங்க பதற வேண்டாம், அதுல பெல்ட்டுக்குப் பதிலா செயின்தான்.