பழையபேட்டைச் சந்து வீடுகளின் வயது
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாங்கள் வாழும் சந்தின் வீடுகள் யாவும் திப்பு சுல்தான் காலத்தவை என்றும், அன்று கட்டியபடியே நிற்கின்றன என்றும் நண்பர் எழுதியிருப்பது சரியன்று. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போய்விட்டது. சான்றாக அவர் காட்டும் சிவப்புக் கூரையோ மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமயப் பணி அமைப்பு மங்களூரில் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1865-இல்தான். ஆகவே அந்தக் கூரை திப்பு காலத்தது ஆகாது. ஓட்டைக் கழற்றி அடிப்புறம் பார்த்தால் உற்பத்தியாளரின் முத்திரையே பெரும்பாலும் இருக்கும்.

கூரை புதிது என்பதால் சுவரும் புதிது என்று நான் சொல்லவில்லை. மண்சுவரும் கருங்கல் அடித்தளமும் அப்படியே இருக்க, நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு மங்களூர் ஓடு வேய்வதும், பின்னர் முன்கட்டை மட்டும் இடித்துக் கான்கிரீட் தளம் போட்டுக் கடையாக்குவதும் நம் ஊரில் வழக்கமாக நடந்தவையே. அதனால் ஒரே வீட்டில் மூன்று காலத்து வேலைப்பாடு தெரிகிறது. பழைய வீட்டின் கல்தூணைப் பெயர்த்துப் புது வீட்டில் நடுவதும் உண்டு என்பதால் தூணை வைத்து வயது கணிப்பது தவறாகலாம். திண்ணைகள் தாழ்ந்திருப்பதும் அக்காலக் கட்டுமுறை அன்று. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் தெருமட்டம்தான் உயர்ந்திருக்கிறது.