அலுமாரி பூட்டின கதை

(திருகோணமலை, உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தை. வீடு மாறுவதற்காகக் கழற்றிய பழைய முதிரை அலுமாரி துண்டு துண்டாகக் கிடக்கிறது. கிளாக்கர் ஐயா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓடாவியார் தோணியும் செய்வார், தளபாடமும் செய்வார். பிறர் பேச்சைத் திருத்துவது மட்டும் இலவசம்.)

கிளாக்கர்: ஓடாவியார், மேல்பலகையைப் பக்கப் பலகையோடு இணைத்துவிடுங்கள். பிறகு கதவை இணையுங்கள். கடைசியில் இந்தக் காலையும் இணைத்தால் சரி.

ஓடாவியார்: ஐயா, இது அலுமாரியா, விண்ணப்பப் படிவமா?

கிளாக்கர்: ஏன், இணைப்பது பிழையா? ‘இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது’ என்று 30 வருடம் எழுதின கை இது.

ஓடாவியார்: எழுதினது சரி. செய்தது குண்டூசி குத்தினது. இங்கே பாருங்கள்: மேல்பலகையில் நாக்கு, பக்கப் பலகையில் துளை. இது செருகுவது. ஆடினால் ஆப்பு இறுக்குவது. பின்பலகை ஆணி அறைவது. கால் வெடித்திருக்கிறது, பசை வைத்து ஒட்டுவது. கதவுக்குப் பிணைச்சல் வைத்து மரையாணி முறுக்குவது. எல்லாம் முடிந்தால் அலுமாரி பூட்டியாச்சு.

கிளாக்கர்: பூட்டுவது திறப்புப் போட்டு அல்லவா?

ஓடாவியார்: அதுவும் பூட்டுதான். சட்டைத் தெறி பூட்டுவதில்லையா? வண்டியில் மாடு பூட்டுவதில்லையா? மாட்டுக்குத் திறப்பு எங்கே போடுவீர்கள்?

கிளாக்கர்: சரி, சரி. கச்சேரியில் நாங்களும் கோப்புக் கட்டினவர்கள்தான்.

ஓடாவியார்: அந்தச் சொல்லே கோத்ததால் வந்தது ஐயா. கடதாசியில் ஓட்டை போட்டு நூல் கோத்தீர்கள், கோப்பு ஆனது. கோத்துக் கோத்து வைத்துவிட்டு இணைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

(கிளாக்கர் தேநீரை ஒரே மிடறில் குடிக்கிறார். அது சுடுகிற தேநீர்.)

கிளாக்கர்: இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

ஓடாவியார்: கடற்கரை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மரங்களைக் கயிற்றால் கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவது. அந்தப் பெயரை இங்கிலீஷ்காரன் கொண்டுபோய்க் ‘கட்டமரான்’ ஆக்கினான். போன கிழமை நிலாவெளியில் ஒன்றைப் பார்த்தேன். இரண்டு உடம்பு, முழுக்க ஃபைபர். கட்டும் இல்லை, மரமும் இல்லை!

கிளாக்கர்: சரி, பலகை உங்கள் பாடு. சொல்லோடு சொல் சேர்வது என் பாடு. வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவில் ‘ப்’ வரும். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் ‘ம்’ விழுந்து மரவேர். தோன்றல், திரிதல், கெடுதல்.

ஓடாவியார்: ஆணி அடிப்பது, இழைத்துவிடுவது, வெட்டித் தள்ளுவது. எங்கள் வேலைதான்.

கிளாக்கர்: இலக்கணத்தை உளிப்பெட்டிக்குள் போடாதீர்கள்!

ஓடாவியார்: ஒரு சந்தேகம். திருக்கோயிலில் ‘க்’ இருக்கிறது. திருக்கேதீச்சரத்தில் ‘க்’ இருக்கிறது. திருகோணமலையில் எங்கே?

கிளாக்கர்: அது... சிலர் போடுவார்கள்.

ஓடாவியார்: கச்சேரிப் பெயர்ப்பலகையில்?

கிளாக்கர்: இல்லை.

ஓடாவியார்: 30 வருடம் ஆணி அடிக்காத பெயருக்குக் கீழே இருந்து கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். ‘திரு’ ஒரு பக்கம் ஆடுகிறது, ‘கோணமலை’ ஒரு பக்கம் ஆடுகிறது.

கிளாக்கர்: நீங்கள் என்னோடு கொழுவத்தான் வந்தீர்கள் போல!

ஓடாவியார்: பார்த்தீர்களா! சுவரில் சட்டையும் கொழுவலாம், அயல்வீட்டாரோடும் கொழுவலாம். சாரமும் மூட்டலாம், சண்டையும் மூட்டலாம். சிண்டு முடிந்துவிட்டால் இரண்டு குடும்பம் பிரியும். நம்முடைய ஆட்கள் சேர்க்கிற சொல்லை வைத்தே பிரிப்பார்கள்.

கிளாக்கர்: ரயிலும் அப்படித்தான். மட்டக்களப்புப் பாதையும் நம்முடைய பாதையும் பிரிகிற கல் ஓயாவுக்குச் சந்தி என்று பெயர்.

ஓடாவியார்: கொழும்பிலிருந்து வந்தால் பிரிவு, இங்கிருந்து போனால் சந்தி. டிக்கெட் மட்டும் ஒரே விலை.

(கிளாக்கர் முதல்தடவையாகச் சிரிக்கிறார். காசுப்பையைப் பாதி பூட்டிய அலுமாரியின் நடுத்தட்டில் வைத்துவிட்டு, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண் மூடிச் சாய்கதிரையில் சாய்கிறார். கண் விழிக்கும்போது அலுமாரி நிமிர்ந்து நிற்கிறது.)

ஓடாவியார்: பூட்டியாச்சு ஐயா.

கிளாக்கர்: ஒழுங்காகப் பூட்டியாச்சா?

ஓடாவியார்: உங்கள் முறைப்படியும் பூட்டினேன். கதவு வளையத்தில் ஆமைப்பூட்டுக் கிடந்தது, போட்டு அமுக்கிவிட்டேன்.

கிளாக்கர்: திறப்பு?

ஓடாவியார்: விறாந்தையில் வைத்தால் காகம் தூக்கும் என்று உள்ளே வைத்தேன். நடுத்தட்டில், உங்கள் காசுப்பைக்குப் பக்கத்தில்...

(நீண்ட அமைதி. கடற்காற்று மட்டும்.)

கிளாக்கர்: பிணைச்சலைக் கழற்றுங்கள்.

ஓடாவியார்: மரையாணித் தலை உள்பக்கம் ஐயா. பின்பலகையைத்தான் பிடுங்க வேண்டும். அது வேறு வேலை, வேறு கூலி.

கிளாக்கர்: காசும் உள்ளேதானே கிடக்கிறது!

ஓடாவியார்: அவசரமில்லை ஐயா. இந்தக் கூலியை அந்தக் கூலியோடு இணைத்துவிடுங்கள்.