கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிய ஆண்டுக் கட்டணம் உண்டா?

கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர் தொடர்ந்து தெரிய ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும், செலுத்தாவிட்டால் பதிவு நீக்கப்படும் என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அத்தகவல் சரியன்று. முன்பு 'கூகுள் மை பிசினஸ்' என்றும் 2021 நவம்பர் முதல் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்றும் அழைக்கப்படும் இச்சேவையில், கடையைச் சேர்ப்பது, உரிமையை உறுதிப்படுத்துவது, படங்களையும் வேலை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் மாற்றுவது ஆகிய அனைத்தும் இலவசம்; கட்டணம் கட்டிப் புதுப்பிக்கும் நடைமுறையே அதில் இல்லை. 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்புடன் தோன்றும் விளம்பரங்களுக்குத்தான் பணம் செலுத்த வேண்டும். அது பதிவோடு தொடர்பில்லாத தனிச் செலவு.

இதை எவரும் சரிபார்க்கலாம். பதிவை நிர்வகிக்கும் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, கூகுள் தேடலில் கடையின் பெயரை இட்டால், விவரங்களைத் திருத்தும் வசதிகள் அங்கேயே வரும். பதிவைத் தக்கவைக்கப் பணம் கேட்கும் பகுதி எதுவும் அவற்றில் இராது. கூகுளின் உதவிப் பக்கங்களும் பட்டியலில் இடம்பெறக் கட்டணம் வாங்குவதில்லை என்றே தெரிவிக்கின்றன. படமெடுத்து விவரங்களை நிரப்பித் தரும் முகவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயமே; அதைக் கூகுளின் கட்டணம் என்று சொல்லி வாங்கினால், கூகுள் வழங்கிய ரசீதைக் காட்டுமாறு கேளுங்கள்.