மதுரைக்கு ஓர் உணவு அருங்காட்சியகம் வேண்டும்

பேரையூர்ப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா வாழ்ந்த வீட்டைச் சென்ற ஆண்டு இடித்தபோது, அடுப்படியை ஒட்டி ஆளுயரத்துக்கு நின்ற மண் குலுக்கையும் நொறுங்கிப் போனது. குதிரைவாலியையும் சோளத்தையும் மேலே கொட்டி வைத்து, அடியிலிருந்த ஓட்டையைத் துணியால் அடைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு சரித்து எடுத்துக்கொள்ளும் குலுக்கை அது. அதைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தேடினேன்; கிடைக்கவில்லை.

ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இயங்குகிறது. 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் நம் மண்ணின் தொன்மையைச் சொல்கிறது; மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் அந்த அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கமலையில் பூட்டி நீர் இறைத்தவர்களின் சால், நுகத்தடி, மேழி முதலியவை பழைய இரும்புக் கடைக்கும் விறகுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. 2021-இல் இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் ஓர் உணவு அருங்காட்சியகத்தைத் திறந்தது. 1965-இல் அந்தக் கழகம் தொடங்கிய ஊர் என்பதால், தானியக் கொள்முதலும் சேமிப்பும் அங்கே முதன்மை பெறுவது இயல்பே. நான் கேட்பது அடுப்படியிலும் வயலிலும் தொடங்கும் ஒன்றை.

பருத்திப்பாலையே எடுத்துக்கொள்வோம். பஞ்சைப் பிரித்த பிறகு எஞ்சும் கொட்டை மாட்டுக்குத் தீவனமாகிறது. அதே கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து, வடிகட்டி, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சினால், மாலையில் தள்ளுவண்டியில் ஆவி பறக்க விற்கும் பானமாகிறது. கரிசல் காடு, பஞ்சுத் தொழில், மாட்டுத் தொழுவம், தெருமுனை ஆகிய நான்கையும் ஒரு குவளைக்குள் காட்ட முடியும் என்றால், அதைவிட நல்ல பாடம் நம் பிள்ளைகளுக்கு வேறென்ன இருக்கிறது? கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டையை வைத்துப் பெயர் எழுதினால் போதாது. வருகிறவர்கள் தாங்களே ஆட்டுரலில் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

மதுரை உணவு என்றதும் கறிதோசையும் ஜிகர்தண்டாவும் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கும், அழகர்கோயில் தோசைக்கும், சௌராஷ்டிர மக்களின் முள்ளுமுருங்கை வடைக்கும் அங்கே இடம் உண்டு. ஆயினும் அத்தோடு நின்றுவிட்டால் அது சுற்றுலா விளம்பரமாகிவிடும். எங்கள் பக்கத்தில் வெறுமனே சோறு என்று சொல்வதில்லை, நெல்லுச்சோறு என்பார்கள். கம்பஞ்சோறும் சோளச்சோறுமே அன்றாடமாக இருந்தவர்களுக்கு, நெல்லை அப்படிப் பிரித்துச் சொல்லும் தேவை இருந்தது. 1895-இல் பெரியாறு அணை நீர் வைகைக்குத் திரும்பியபின் மேலூர் வயல்களுக்கு நெல் வந்தது. பேரையூர் மானாவாரியாகவே நின்றது. ஒரே மாவட்டத்தின் இந்த இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்கும் ஓர் அறை வேண்டும். அப்போது எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பதும் நம் சமையல் வரலாறுதான்.

மரக்காலையும் படியையும் உழக்கையும் அடுக்கும்போது, குத்தகை நெல் அளந்த மரக்காலும் அறுப்புக் கூலி அளந்த மரக்காலும் ஒரே அளவாக இருந்தனவா என்ற கேள்வியையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். உழைத்தவர்களையும், நாள் முழுதும் உலக்கை பிடித்த பெண்களையும் விட்டுவிட்டு உணவின் பெருமையைப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை, ஒத்தக்கடையே பொருத்தமானது என்று நினைக்கிறேன். யானைமலைச் சாரலில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. பயிரிட நிலமும் பாடம் சொல்ல ஆசிரியர்களும் அருகிலேயே கிடைப்பார்கள். கட்டடத்துக்கு முன்பாகவே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கமலை ஓட்டியவர்கள், மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள், சுளகில் புடைத்தே கல்லையும் உமியையும் பிரித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பேச்சையும் கைப்பாங்கையும் ஒலியாகவும் காட்சியாகவும் இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

இடிபாட்டிலிருந்து அப்பத்தாவின் திருகையையும் பித்தளை உழக்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். திருகையின் மேற்கல்லில் கைபட்டுத் தேய்ந்த பள்ளம் இருக்கிறது. அருங்காட்சியகம் அமைந்தால் முதல் பொருளாக அதைத் தருகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தொழுவத்திலும் இருப்பவற்றை எடைக்குப் போடாமல், படம் எடுத்து, அவற்றை எந்தப் பெயரால் அழைத்தீர்கள் என்பதோடு இங்கே பதியுங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரைச் சந்திக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.