ரெண்டாவது டீ

(மதுரைக்கு வெளியே, பைபாஸை ஒட்டிய ஏடிஎம். ராத்திரி ரெண்டரை மணி. காவலாளி குமரேசன் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். சைக்கிளில் டீ கேனோடு பாண்டி வந்து நிற்கிறார். பாண்டி ஒரு காலத்தில் சினிமா கொட்டகை ஆபரேட்டர்.)

குமரேசன்: ஆ!

பாண்டி: எய்யா, நான்தான்யா! டீக்காரப் பாண்டி!

குமரேசன்: உங்களைப் பாத்துக் கத்தலண்ணே. புத்தகத்துல போட்டிருக்கு, வாய்விட்டு வாசிச்சேன்.

பாண்டி: அப்படி என்ன புத்தகம்?

குமரேசன்: சுஜாதா எழுதுனது. பேரே 'ஆ..!'தான். ஒருத்தனுக்கு மண்டைக்குள்ள யாரோ பேசுற சத்தம் கேக்குது. ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ'ன்னுதான் முடியுது.

பாண்டி: இதுவரைக்கும் எத்தனை ஆ?

குமரேசன்: ஏழு. அஞ்சாவது ஆவுக்கு, பணம் எடுக்க வந்த ஆளு கார்டை மெசின்லயே விட்டுட்டு ஓடிட்டான்.

பாண்டி: (ஒரு டீ ஊற்றிக் கொடுத்து) ராத்திரி டூட்டிக்கு வந்த மனுசன் இதையா படிக்கிறது? பக்திப் புத்தகம் ஏதாவது படிக்கலாம்ல?

குமரேசன்: தூக்கம் வரக்கூடாதுன்னு படிச்சேன். இப்ப பகல்லயும் தூக்கம் வர மாட்டேங்குது.

(ஏடிஎம் உள்ளே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை.)

குமரேசன்: கேட்டீங்களாண்ணே? தினமும் இந்நேரத்துக்கு இப்படித்தான். உள்ள உக்காந்து யாரோ நோட்டு எண்ணுற மாதிரி.

பாண்டி: பேய்க்கு எதுக்குய்யா ரொக்கம்? அது மெசின் சத்தம். நான் 22 வருசம் கேபின்ல இருந்தவன், எத்தனை பேயைப் பாத்திருக்கேன்! சூட்சுமம் ஒண்ணே ஒண்ணுதான். பேய் கண்ணுல இல்ல, காதுல இருக்கு.

குமரேசன்: எப்படி?

பாண்டி: கேபின்ல சின்னதா ஒரு ஸ்பீக்கர் இருக்கும். பேய் வர்ற நேரம் பாத்து அதைத் திருகி அணைச்சிருவேன். சத்தமில்லாமப் பாரு, ஒரு அம்மா தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ரேசன் கடையில சண்டை போடுற மாதிரி இருக்கும். அம்புட்டுதான் பேய்.

குமரேசன்: அப்ப 'யார் நீ'?

பாண்டி: 1966. ஜெய்சங்கர், ஜெயலலிதா. அதுல வெள்ளைச் சேலையா பயமுறுத்துச்சு? சுசீலாம்மா குரல்யா. 'நானே வருவேன்'னு அந்தம்மா பாடுனா, வராதேம்மான்னு சொல்லத் தோணும். எங்க கொட்டகையில மறு ரிலீஸ் போட்டப்ப, அந்தப் பாட்டு ஓடுற நேரம் ஒருத்தன்கூட ஒண்ணுக்குப் போக எந்திரிக்க மாட்டான். இடைவேளை விட்டா மொத்தமா ஓடுவாங்க.

குமரேசன்: இங்கிலீஷ் படத்துக்கும் இதே கணக்குதானா?

பாண்டி: இட்ச்காக்கோட 'சைக்கோ' பாத்திருக்கியா? 1960. குளிக்கிற பொம்பளையைக் கத்தியால குத்துவான். கருப்பு வெள்ளை படம். அதுல ஓடுற ரத்தம் பூராம் சாக்லேட் சிரப்பு. குத்துற சத்தம் வருதே, அது என்ன தெரியுமா?

குமரேசன்: என்னண்ணே?

பாண்டி: முலாம்பழம். கத்தியால முலாம்பழத்தைக் குத்திச் சத்தம் எடுத்தாங்க. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் முதல்ல இட்ச்காக் சொன்னாராம். பெர்னார்ட் எர்மன்னு ஒருத்தர், வயலினைப் போட்டு 'கீச்சு கீச்சு'ன்னு இழுத்துக் காட்டினதும் மனசு மாறிட்டாரு.

குமரேசன்: எங்க தெருவுல முலாம்பழ ஜூஸ் போடுறவன் கத்தியை எடுத்தா இனிமே நான் எப்படிப் பக்கத்துல நிப்பேன்?

பாண்டி: காதைப் பொத்திக்கிட்டுக் குடி.

குமரேசன்: என் மக செல்போன்ல 'எக்ஸார்சிஸ்ட்' காட்டுச்சுண்ணே, 1973-ல வந்தது. சின்னப் புள்ள ஒண்ணு கட்டில்ல கிடந்து ஆம்பளைக் குரல்ல பேசுது. பாதியிலயே நான் மாவு ஆட்டணும்னு எந்திரிச்சுட்டேன்.

பாண்டி: உனக்கு மாவு ஆட்டத் தெரியுமா?

குமரேசன்: அன்னைக்குக் கத்துக்கிட்டேன். அது ஆம்பளைக் குரலே இல்லையாம்ணே, மக சொல்லுச்சு. மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ்னு ஒரு நடிகை. அந்தக் குரல் வரணும்னு பச்சை முட்டையை முழுங்கி, சிகரெட்டா ஊதித் தள்ளி, விஸ்கியும் குடிச்சிருக்காங்க. புள்ள வாந்தி எடுக்குதே, அது பட்டாணி சூப்பு. வாயில புகை வரணும்னு அறையையே ஐஸ்பெட்டி மாதிரி குளுர வச்சு எடுத்தாங்களாம்.

பாண்டி: பாத்தியா? மறுபடியும் குரல்தான். எனக்கு வட்டிக்குக் குடுத்த ஆளு மாசம் பொறந்தா போன் பண்ணுவாரு. முட்டை, சிகரெட் ஒண்ணும் வேண்டாம், வெறும் வயித்துலயே அந்தக் குரல் வரும்.

குமரேசன்: எங்க ஊர்ப் பேய்க்கு இதெல்லாம் உறை போடக் காணாதுண்ணே. 'விடாது கருப்பு' பாத்தீங்களா, சன் டிவியில?

பாண்டி: குதிரை!

குமரேசன்: அதேதான். ஊருக்கே மொத்தம் மூணு டிவி. எங்க பெரியப்பா வீட்டுல முப்பது பேரு உக்காந்து பாப்போம். குளம்புச் சத்தம் கேட்டா முப்பது பேரும் ஒரே பாயில இருப்போம். முடிஞ்சதும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. பெரியம்மா புலம்பும், 'தொடரு அரை மணி நேரம், விருந்தாளி விடியற வரைக்கும்'னு.

பாண்டி: எழுதுனவரு இந்திரா சௌந்தர்ராஜன், மதுரையிலயே இருந்தவரு. உள்ளூர்ல இருந்துக்கிட்டே நம்மளை இப்படிப் பண்ணிட்டாரு.

குமரேசன்: அண்ணே, இன்னொரு டீ ஊத்துங்க.

பாண்டி: இரு, ஒரு கதை சொல்றேன். மணி என்ன?

குமரேசன்: ரெண்டே முக்கால்.

பாண்டி: ம்ம். டூரிங் டாக்கீஸ்ல இருந்தப்ப நடந்தது. ஒரே புரொஜெக்டர். ஆயிரம் அடி ரீலு பதினோரு நிமிசம் ஓடும், படம் மொத்தம் 14 ரீலு. பேய்ப் படம். பதிமூணாவது ரீலு முடியறப்ப மந்திரவாதி பேயைப் புடிச்சு செப்புக் குடத்துல அடைச்சுட்டாரு. சனங்க கைதட்டுது. நான் தூக்கக் கலக்கத்துல பதினாலுக்குப் பதிலா பதினொண்ணை மாட்டிட்டேன்.

குமரேசன்: ஐயய்யோ!

பாண்டி: குடத்துக்குள்ள போன பேய், அடுத்த நிமிசம் மந்திரவாதி வீட்டு அடுப்படியில உக்காந்து அரிசி புடைக்குது. எங்க கொட்டகையில அப்படி ஒரு அமைதியை நான் பாத்ததே இல்ல. தரை டிக்கெட்ல ஒருத்தன் கும்புட்டுட்டான். ஒரு கிழவி, 'அப்பவே சொன்னேன், மூடியை இறுக்குன்னு'ன்னு கத்துது.

குமரேசன்: முதலாளி?

பாண்டி: செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் ஏறி வந்தாரு. மறுநாள் பாத்தா டிக்கெட்டுக்கு அடிதடி. 'நேத்து மாதிரியே ஓட்டுங்க'ங்கிறான். நாலு நாள் வேணும்னே மாத்திப் போட்டோம்யா.

(ஏடிஎம் மறுபடியும் 'கிர்ர்ர்'. பாண்டி எழுந்து குமரேசனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறார்.)

குமரேசன்: மெசின் சத்தம்னீங்க?

பாண்டி: மெசின்தான். காத்துக்காக நின்னேன்.

குமரேசன்: சரி, டீயை ஊத்துங்க. நானே புடிச்சுக்கிறேன். (கேனைத் தூக்கிப் பார்க்கிறார்.) என்னண்ணே, கேன் காலியா இருக்கு?

பாண்டி: உனக்கு ஊத்துனதுதான் கடைசி.

குமரேசன்: டீ தீந்தா வீட்டுக்குப் போறதுதானே? தினமும் நாலு மணி வரைக்கும் என்கூட உக்காந்திருக்கீங்க. நான்கூட, தனியா இருக்கேன்னு பாவம் பாத்து உக்காந்திருக்கீங்கன்னு வீட்டுல பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்.

பாண்டி: (தணிந்த குரலில்) கண்மாய்க்கரை வழியாப் போகணும்யா. புளியமரம் ஏழு இருக்கு.

குமரேசன்: சத்தம் இல்லன்னா பேய் இல்லன்னீங்க. அங்க ஒரு சத்தமும் இருக்காதே?

பாண்டி: இருந்துச்சு. பின்னாடியே 'கிரீச் கிரீச்'னு வரும்.

குமரேசன்: அது உங்க சைக்கிள் பெடல்ணே!

பாண்டி: தெரியும். நான் மிதிச்சா வரும், நான் நின்னா நிக்கும். எண்ணெய் விட்டுப் பாத்தேன்.

குமரேசன்: விட்டதும் சரியாப் போச்சா?

பாண்டி: சத்தம் நின்னுருச்சு. இப்ப அது எங்க வருதுன்னே தெரிய மாட்டேங்குது.

(அமைதி. நெடுஞ்சாலையில் ஒரு லாரி போகிறது. போன பிறகு இன்னும் அமைதி. பாண்டி டீ கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்கிறார், நாற்காலியை ஒட்டி.)

பாண்டி: நாலு மணிக்கு எம்புட்டு நேரம் இருக்கு?

குமரேசன்: ஒண்ணே கால் மணி நேரம்.

பாண்டி: பஞ்சாயத்து மைக்செட்ல சாமிப்பாட்டு போட்டுட்டான்னா கிளம்பிருவேன். அதுவரைக்கும் சும்மா இருக்காதய்யா, ஏதாவது பேசு. இல்லன்னா அந்தப் புத்தகத்தை எடு, சத்தமா வாசி.

குமரேசன்: எந்த இடத்துல இருந்து வாசிக்க?

பாண்டி: 'ஆ' வராத அத்தியாயமாப் பாத்து வாசி.

குமரேசன்: அப்படி ஒண்ணு இல்லண்ணே.